மூச்சுக்கு என்ன விலை? மணத்தி கணேசனும் ஒரு மின்வாரிய வேலையும்

2025 தீபாவளிக்கு வந்த 'பைசன்' படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் நான் செய்த முதல் வேலை, போனை எடுத்து 'மணத்தி கணேசன்' என்று தேடியதுதான். உங்களில் பலரும் அதையே செய்திருப்பீர்கள். மாரி செல்வராஜ் இயக்கத்தில் துருவ் விக்ரம் நடித்த கிட்டான் பாத்திரத்துக்கு உந்துதலாக இருந்த நிஜ மனிதர் அவர். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடியவர். 1995-ம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது பெற்றவர். முப்பது வருடம் கழித்து ஒரு சினிமா வந்துதான் அவரை நமக்குச் சொல்ல வேண்டியிருந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான்.

படத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது, அமெரிக்காவில் வளரும் என் அக்கா மகன் கேட்டான்: "மாமா, கபடியில பிடிக்கிறவங்க எங்க ஊர் லைன்பேக்கர் மாதிரிதானே?"

கேள்வி சரிதான். அவர்கள் ஊர்க் கால்பந்தில், தடுப்பு அணியின் முதல் வரிசைக்குப் பின்னால் நின்று, பந்தோடு ஓடி வருபவனை மோதிச் சாய்ப்பவர்தான் லைன்பேக்கர். நூறு கிலோவுக்கு மேல் எடை. தலையில் ஹெல்மெட், தோளில் கவசம். கபடியில் பிடிப்பவருக்கு இருப்பது ஒரு பனியன், ஒரு டவுசர், இரண்டு முட்டி. வருகிறவனின் கணுக்காலைப் பார்த்து விழுந்து பிடிக்க வேண்டும். அரை நொடி பிந்தினால் அவன் குதிகால் முகத்தில் இறங்கும்.

அடுத்த கேள்விதான் என்னை மாட்டிவிட்டது. "அவருக்கு எவ்வளவு சம்பளம்?"

அமெரிக்கத் தொழில்முறை லீகில் 2024-ல் புதிதாக வந்த ஆட்டக்காரருக்கே குறைந்தபட்சச் சம்பளம் வருடத்துக்கு 7,95,000 டாலர். ஆனால் அங்கே ஆட்ட வாழ்க்கை பலருக்கும் நாலு வருடம்கூட நீடிப்பதில்லை. ஒரு முட்டி போனால் கதை முடிந்தது. அதற்குள் சம்பாதித்தால்தான் உண்டு.

கணேசன் ஆடிய காலத்தில் இங்கே லீகும் இல்லை, ஏலமும் இல்லை. அன்றைக்குக் கபடிக்காரருக்கு 'கரியர்' என்றால் ஒரே அர்த்தம்தான்: வேலை. ரயில்வே, போலீஸ், வங்கி, மில், மின்வாரியம் என்று ஒவ்வொன்றும் தனக்கென்று அணி வைத்திருந்தது. நன்றாக ஆடினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் எடுத்துக்கொள்வார்கள். கணேசனை எடுத்துக்கொண்டது தமிழ்நாடு மின்வாரியம். மாதச் சம்பளம், பி.எஃப்., பென்ஷன். முட்டி போனாலும் வேலை போகாது. என்னைக் கேட்டால், கிராமத்து வீடுகளில் பதக்கத்தைவிட அந்த வேலை உத்தரவைத்தான் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைப்பார்கள். தப்பே இல்லை.

அந்த உத்தரவு எவ்வளவு பெரிது என்று தெரிய, மணத்தியையும் அந்தக் காலத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். தாமிரபரணி கடலைச் சேரும் பக்கத்தில், ஆழ்வார்திருநகரி வட்டாரத்தில் இருக்கிற கிராமம் அது. திருநெல்வேலியிலிருந்து 1986-ல் பிரிந்து, சிதம்பரனார் மாவட்டம் என்ற பெயரில் இருந்த காலம். தொண்ணூறுகளில் தென்மாவட்டங்களில் சாதி மோதல் ஓயவில்லை. கணேசன் அர்ஜுனா விருதுக்குரிய அதே 1995-ல், ஆகஸ்ட் மாதக் கடைசி நாளில், இதே மாவட்டத்தின் கொடியங்குளத்தில் போலீஸ் நடவடிக்கையில் தலித் மக்களின் வீடுகள் நாசமாயின. எந்த ஊர்ப் பையன் எந்த ஊர் அணியில் ஆடுகிறான் என்பதே தகராறுக்குப் போதுமான காரணமாக இருந்த நாட்கள். படத்தில் மகன் கபடி ஆடப் போவதைக் கண்டு அப்பா பசுபதி நடுங்குகிறாரே, அது சினிமாவுக்காகக் கூட்டிச் சொன்ன நடுக்கம் இல்லை.

ஆட்டத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். அணிக்கு ஏழு பேர். பாடிப் போகிறவர் 'கபடி கபடி' என்று விடாமல் சொல்லிக்கொண்டே எதிரணிக் களத்துக்குள் போய், ஒரு ஆளையாவது தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். இப்போது முப்பது நொடிக் கடிகாரம் ஓடுகிறது. ஆனாலும் பழைய ஆட்கள் கணக்குப் போடுவது மூச்சில்தான். இந்தக் கரைக்கு மூச்சுக் கணக்கு புதிதா என்ன? இடுப்பில் கயிறும் காலில் கல்லுமாக மூழ்கி, ஒரே மூச்சில் சிப்பி அள்ளியவர்களின் முத்துக்குளித்துறை இது. கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. அங்கேயும் உயிரைப் பணயம் வைத்து மூழ்கியவருக்குக் கிடைத்தது அள்ளியதில் ஒரு பங்குதான்.

கபடியில் பணம் வந்தது 2014-ல், புரோ கபடி லீகோடு. முதல் ஏலத்தில் அதிகபட்ச விலை ராகேஷ் குமாருக்கு 12.80 லட்சம். 2023-ல் ஈரானின் முகமதுரேசா ஷாட்லூயிக்கு 2.35 கோடி. அவர் பிடிப்பதில் பேர்போனவர். லைன்பேக்கர் மாதிரியே ஆள் மேல் பாய்வார். அக்கா மகனுக்கு அவர் வீடியோவைத்தான் அனுப்பி வைத்தேன்.

ஆனால் கோடி வாங்குபவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஏலத்தில் பெயர் வராத பையன்கள் எத்தனையோ பேர். அவர்களும் அதே முட்டியைத்தான் தேய்க்கிறார்கள். நிறுவன அணிகளோ முன்பு போல ஆள் எடுப்பதில்லை. தமிழக அரசு வேலைகளில் 3 சதவிகித விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கும் வரிசை நீளம்.

'பைசன்' தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்த அதே அக்டோபரில், சென்னை கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகா பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்திய அணியின் துணைத் தலைவியாகத் தங்கம் வென்று திரும்பினார். இறுதிப் போட்டியில் ஈரானை 75-21 என்று வீழ்த்தியிருந்தார்கள். முதலமைச்சர் 25 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்தார். 1994-க்கும் இப்போதுக்கும் அந்த அளவுக்கு தூரம்.

தூத்துக்குடிப் பக்கம் கோயில் கொடை, பொங்கல் என்று வந்துவிட்டால் இன்றும் 'மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி' போஸ்டரைச் சுவரில் பார்க்கலாம். கம்பத்தில் விளக்கைக் கட்டி, கயிறு இழுத்துக் களம் போட்டு, விடிய விடிய ஆடுவார்கள். கரண்ட் போனால் கூட்டம் மொத்தமும் திட்டுவது மின்வாரியத்தைத்தான். இந்திய அணிக்கு ஒரு கணேசனைத் தந்த மின்வாரியம் அது என்று அந்த இருட்டில் யாருக்கு நினைவிருக்கும்?