‘வெள்ளையருக்கு மட்டும்’: உனவட்டுனவின் பாடமும் அறுகம்பேயின் கேள்வியும்

2024 பெப்ரவரியில் காலி மாவட்டத்தின் உனவட்டுனவில் ரஷ்யர்கள் ஏற்பாடு செய்த ஒரு விருந்தின் விளம்பரம் நாடு முழுவதும் பேசப்பட்டது. வெள்ளை உடையில் வரவேண்டும் என்பது பிரச்சினையல்ல. வாசலில் முகம் பார்த்தே அனுமதிப்போம், அந்த முகமும் ‘வெள்ளை’யாக இருக்க வேண்டும் என்றது அந்த விளம்பரம். எதிர்ப்பு எழுந்தது. விருந்து இரத்தானது, இடம் கொடுத்தவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். அதைச் சாதித்தது கல்லெறி அல்ல, விளம்பரத்தின் படமும், “எங்கள் நாட்டில் எங்களுக்கே தடையா?” என்ற கேள்வியும்தான்.

பொத்துவில், உல்லை மக்களுக்கு இது தூரத்துச் செய்தியல்ல. ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை அறுகம்பே வெளிநாட்டவரால் நிரம்புகிறது. மாதக்கணக்கில் தங்குவோர் நீர்ச்சறுக்கு, யோகா, தொண்டு எனக் குழுக்களும் அமைக்கிறார்கள். நல்லெண்ணத்தோடு வருபவர்களே அதிகம். ஆனால் பாகுபாடு எப்போதும் விளம்பரமாக ஒட்டப்படுவதில்லை. ஆகவே இப்படியான எந்தக் குழுவிடமும் மூன்று கேள்விகள் கேட்போம். தீர்மானம் எடுக்கும் மேசையில் ஊரார் இருக்கிறார்களா, அல்லது சமையலறையில் மட்டும்தானா? அந்த மேசையில் ஊர்ப் பெண்கள் இருக்கிறார்களா? பர்தா அணிந்த பெண்ணை அவர்கள் சக உறுப்பினராகப் பார்க்கிறார்களா, பரிதாபத்துக்குரியவராகவா?

மாற்று வழிக்கு நம் கரையிலேயே உதாரணம் உண்டு. 2018 இல் உருவான அறுகம்பே பெண்கள் நீர்ச்சறுக்குக் கழகம், இலங்கையில் பெண்களுக்கென்றே அமைந்த முதலாவது நீர்ச்சறுக்குக் கழகம். இங்கு குடியேறிய ஓர் அமெரிக்கப் பெண் அதற்குத் துணைநின்றார். ஆனால் தலைவியானவர் இவ்வூரைச் சேர்ந்த ஷமலி சஞ்சய. வெளியார் கைகொடுக்கலாம், கதிரை ஊராருடையதாக இருக்க வேண்டும்.

சட்டமும் நம் பக்கம் நிற்கிறது. இனம், மதம், மொழி, சாதி, பால் காரணமாகக் கடைகள், பொது உணவகங்கள், ஹோட்டல்கள், பொதுக் களியாட்ட இடங்கள், தத்தமது மத வழிபாட்டிடங்கள் ஆகியவற்றுக்குள் நுழைய எவருக்கும் தடை விதிக்கக்கூடாது என்கிறது அரசியலமைப்பின் 12(3) ஆம் உறுப்புரை. ஆனால் 126 ஆம் உறுப்புரையின் கீழான அடிப்படை உரிமை வழக்கு, நிறைவேற்று அல்லது நிர்வாக நடவடிக்கைக்கு எதிரானது. தனியார் விடுதி மீது நேரடியாக அதைத் தொடுப்பது கடினம்.

எனவே படிப்படியாகச் செல்வோம். திகதி, நேரம், படம், சாட்சி என்பவற்றைப் பதிந்து வையுங்கள். விளக்கம் கேட்டு நிர்வாகத்துக்கு எழுதுங்கள். பதில் இல்லையேல் பிரதேச சபைக்கும் பொலிஸாருக்கும் எழுத்தில் முறையிடுங்கள். அவர்களும் பாராமுகமாக இருந்தால், அந்தப் பாராமுகத்தையே இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கல்முனை அலுவலகத்தில் முறையிடலாம். உயர் நீதிமன்றம் செல்ல ஒரு மாதமே அவகாசம். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது.

இதில் ஓர் எச்சரிக்கை. ஒரு குழுவின் தவறுக்காக வீதியில் போகும் உல்லாசப் பயணிகள் அனைவரையும் வெறுப்பது, அதே இனவாதத்தின் மறுபக்கம்.

இறுதியாக நமக்கும் ஒரு கேள்வி. நிறத்தால் மேன்மையில்லை என்று நபி (ஸல்) அவர்கள் தமது இறுதிப் பேருரையில் அறிவித்த மார்க்கம் நம்முடையது. வெள்ளையர் குழுக்களின் மேசையில் நம் பெண்களுக்கு இடம் கேட்கும் நாம், நமது பள்ளிவாசல் நிர்வாகத்திலும் விளையாட்டுக் கழகத்திலும் பாடசாலை அபிவிருத்திக் குழுவிலும் அவர்களுக்கு என்ன இடம் தந்திருக்கிறோம்? அந்தப் பதிலோடு சென்றால்தான் நம் கேள்விக்குப் பலம் இருக்கும்.