வீடியோ கேம் உறையிலுள்ள வயது மதிப்பீடு: பெற்றோர் அறிய வேண்டியவை

அமெரிக்கக் கடைகளில் விற்பனைக்கு வைக்கப்படும் வீடியோ கேம்களின் உறையில், முன்பக்கத்தின் கீழ் மூலையில், கட்டமிட்ட ஓர் ஆங்கில எழுத்து காணப்படும். அந்த விளையாட்டு எந்த வயதினருக்கு ஏற்றது என்பதைச் சுட்டும் வயது மதிப்பீடு அது. பெற்றோர் பலர் இதை அரசு விதித்த தடையாகக் கருதிவிடுவதுண்டு. குறிப்பாக, இந்தியாவில் தணிக்கை வாரியம் சட்டப்படி அளிக்கும் ‘ஏ’ சான்றிதழைத் திரையரங்குகளில் கண்டு பழகிப் பின்னர் அமெரிக்காவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு இவ்வெண்ணம் எளிதில் தோன்றக்கூடும். உண்மையில், வன்முறை மிகுந்த விளையாட்டைச் சிறுவர்களுக்கு விற்கக் கூடாது என்று தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் எதுவும் அந்நாட்டில் இல்லை. விளையாட்டுத் தயாரிப்புத் துறை தனக்குத் தானே விதித்துக்கொண்ட ஒழுங்கையும், கடைக்காரர்கள் விரும்பி ஏற்ற நெறியையும் சார்ந்தே இம்மதிப்பீடு நிற்கிறது என்பதால், அதைப் படித்து முடிவெடுக்கும் பொறுப்பு இறுதியில் பெற்றோரையே சேர்கிறது.

மதிப்பீடு பிறந்த பின்னணி

1993ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்க செனட் சபையில், ஜோசப் லீபர்மேன், ஹெர்ப் கோல் ஆகிய உறுப்பினர்களின் முன்னெடுப்பில் வீடியோ கேம் வன்முறை குறித்த விசாரணை நடைபெற்றது. எதிராளியின் தலையைப் பிய்த்தெடுக்கும் காட்சியைக் கொண்ட ‘மார்ட்டல் காம்பாட்’, நடிகர்களைப் படம்பிடித்து உருவாக்கப்பட்ட ‘நைட் டிராப்’ ஆகிய விளையாட்டுகள் அவ்விசாரணையில் பெரிதும் பேசப்பட்டன. துறை தானாக ஒழுங்குபடாவிட்டால் அரசே ஒழுங்குபடுத்தும் என்ற எச்சரிக்கை விடுக்கப்பட்டதை அடுத்து, 1994இல் தயாரிப்பு நிறுவனங்கள் கூடி, சுருக்கமாக இ.எஸ்.ஆர்.பி. எனப்படும் பொழுதுபோக்கு மென்பொருள் மதிப்பீட்டு வாரியத்தை நிறுவின. அரசுத் துறையாக இல்லாமல் துறையினரின் அமைப்பாகவே இவ்வாரியம் தோன்றியது. ஆயினும், சோனி, மைக்ரோசாஃப்ட், நிண்டெண்டோ ஆகிய விளையாட்டுக் கருவி நிறுவனங்கள் மதிப்பீடு பெறாத விளையாட்டைத் தம் கருவிகளில் அனுமதிப்பதில்லை என்பதாலும், பெரிய கடைகள் அத்தகையவற்றை அடுக்கில் வைப்பதில்லை என்பதாலும், பெயரளவில் விருப்பத்துக்குரிய இம்மதிப்பீடு நடைமுறையில் கட்டாயமாகிவிட்டது.

எழுத்துகளும் அவற்றின் பொருளும்

‘ஈ’ என்னும் எழுத்து அனைவருக்கும் ஏற்றது என்பதையும், 2005இல் சேர்க்கப்பட்ட ‘ஈ 10+’ பத்து வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குரியது என்பதையும், ‘டி’ பதின்மூன்று வயது தொடங்கிய பதின்பருவத்தினருக்குரியது என்பதையும் குறிக்கும். ‘எம்’ என்பது பதினேழு வயது நிரம்பியோருக்குரியது; ‘ஏஓ’ என்பது பதினெட்டு வயது நிரம்பிய பெரியவர்களுக்கு மட்டுமே உரியது. ‘ஏஓ’ பெற்ற விளையாட்டைக் கருவி நிறுவனங்களும் பெரும்பாலான கடைகளும் ஏற்பதில்லை. மதிப்பீடு இன்னும் முடிவாகாத விளையாட்டின் விளம்பரங்களில் ‘ஆர்பி’ என்று காணப்படும்.

இவ்வெழுத்துகள் உள்ளடக்கத்தின் தன்மையைச் சொல்பவையே அன்றி, விளையாட்டின் கடினத்தைச் சொல்பவை அல்ல. ஆகவே, ‘ஈ’ பெற்ற விளையாட்டு ஐந்து வயதுக் குழந்தைக்குப் புரியும் என்று கொள்ள இடமில்லை.

முன்பக்க எழுத்தைவிடப் பின்பக்கக் கட்டத்தில்தான் பெற்றோருக்குப் பயன்படும் செய்தி மிகுதி. அங்கே அதே எழுத்துடன், அந்த மதிப்பீடு எதனால் வந்தது என்பதை விளக்கும் உள்ளடக்கக் குறிப்புகள் அச்சிடப்பட்டிருக்கும். கேலிச்சித்திரப் பாணி வன்முறை, கற்பனை உலக வன்முறை, கடும் வன்முறை என்று வன்முறையே பல படிகளாகப் பிரிக்கப்படுகிறது. இரத்தம் என்பதும், இரத்தமும் உடற்சிதைவும் என்பதும் வெவ்வேறு குறிப்புகள். மதுவைப் பற்றிய பேச்சும் மது அருந்துவதும் தனித்தனியே சுட்டப்படும். ஒரே ‘டி’ மதிப்பீட்டைப் பெற்ற இரண்டு விளையாட்டுகளில் ஒன்று சண்டைக்காட்சிக்காகவும் மற்றொன்று சூதாட்டச் சாயலுக்காகவும் அதைப் பெற்றிருக்கக்கூடும் என்பதால், தம் குடும்பம் எதைப் பொறுக்கும், எதைப் பொறுக்காது என்று தெளிந்த பெற்றோர்க்கு இக்குறிப்புகளே உண்மையான வழிகாட்டி.

இவற்றுக்குக் கீழே, ஊடாட்டக் குறிப்புகள் எனத்தக்க மூன்றாவது பகுதி உள்ளது. விளையாடுவோர் ஒருவரோடொருவர் உரையாடக்கூடும், விளையாட்டுக்குள் உண்மைப் பணம் செலவிட நேரும், இருப்பிடம் பகிரப்படும் என்பன போன்ற எச்சரிக்கைகள் அதில் இடம்பெறும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே பணம் கொடுத்துத் திறக்கும் ‘லூட் பாக்ஸ்’ போன்றவற்றைச் சுட்ட, 2020 முதல் தனிக் குறிப்பு சேர்க்கப்பட்டது. அதன்பின் வெளியான ‘ஃபிஃபா’ வரிசையைச் சேர்ந்த கால்பந்து விளையாட்டுகள் ‘ஈ’ மதிப்பீட்டைப் பெற்றவை என்றாலும் இக்குறிப்பைத் தாங்கியே வந்தன; எழுத்தை மட்டும் பார்த்து வாங்கும் பெற்றோர் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

சட்டம் எங்கே நிற்கிறது

2005இல் கலிஃபோர்னியா மாநிலம், வன்முறை மிகுந்த விளையாட்டைப் பதினெட்டு வயதுக்குக் குறைந்தோருக்கு விற்கும் கடைக்காரருக்கு 1,000 டாலர் வரை அபராதம் விதிக்கும் சட்டத்தை இயற்றியது. அச்சட்டம் நடைமுறைக்கு வருமுன்பே நீதிமன்றத்தால் நிறுத்தப்பட்டு, 2011 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தால் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் செல்லாதென அறிவிக்கப்பட்டது. நூல்களையும் திரைப்படங்களையும் போலவே வீடியோ கேமும் கருத்து வெளிப்பாடாதலால், அரசமைப்பின் முதல் திருத்தம் அளிக்கும் பாதுகாப்பு அதற்கும் உண்டு என்பது தீர்ப்பின் சாரம். பிரிட்டனில் நிலைமை வேறு: 2012 ஜூலை முதல் ‘பெகி’ என்னும் ஐரோப்பிய மதிப்பீட்டு முறை அங்கே சட்ட வலிமை பெற்று, 12, 16, 18 எனக் குறிக்கப்பட்ட விளையாட்டை அந்தந்த வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பது குற்றமாயிற்று.

அமெரிக்காவில் சட்டம் இல்லாதபோதும் கடைகளின் நெறி பயனளித்திருக்கிறது. அந்நாட்டின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், பெற்றோர் துணையின்றிப் பதின்மூன்று முதல் பதினாறு வயதுடைய சிறுவர்களைக் கடைகளுக்கு அனுப்பிச் சோதித்தபோது, 2000ஆம் ஆண்டில் 85 சதவீதத்தினரால் ‘எம்’ விளையாட்டை வாங்க முடிந்தது. 2013இல் வெளியான சோதனை முடிவில் அது 13 சதவீதமாகக் குறைந்திருந்தது. அடையாள அட்டையைக் கேட்க விற்பனையாளரைப் பழக்கியதும், மதிப்பீடுகளை விளக்கும் அறிவிப்புகளைக் கடையில் வைத்ததும் இந்த மாற்றத்துக்குத் துணைநின்றன. ஆனால் பெற்றோரே உடன்வந்து வாங்கிக்கொடுத்தால் கடையின் நெறி அங்கே முடிந்துவிடுகிறது.

மதிப்பீடு காக்காத இடங்கள்

தயாரிப்பு நிறுவனம் நிரப்பித் தரும் வினாப்பட்டியலையும் அனுப்பும் காணொளியையும் கொண்டே வாரியம் முடிவு செய்கிறதேயன்றி, மதிப்பிடுவோர் விளையாட்டை முழுதும் விளையாடிப் பார்ப்பதில்லை. ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ்’ விளையாட்டின் வட்டில் மறைந்திருந்த பாலியல் காட்சி 2005இல் வெளிப்பட்டபின், அதன் ‘எம்’ மதிப்பீடு ‘ஏஓ’ என மாற்றப்பட்டு, கடைகள் அதை அடுக்கிலிருந்து அகற்றின. தவறு திருத்தப்பட்டது, ஆனால் விற்பனைக்கு வந்து பல மாதங்கள் கழிந்த பின்னரே.

இதைவிடப் பெரிய இடைவெளி இணையத்தில் உள்ளது. முன்பின் அறியாதவர் விளையாட்டின் ஊடே பேசுவதையோ அனுப்புவதையோ எந்த மதிப்பீடும் அளக்க இயலாது என்பதை வாரியமே தன் குறிப்பில் சொல்லிவிடுகிறது. மேலும், இணையத்தில் விளையாட்டு வாங்கப் பயன்படும், கடையில் விற்கும் பரிசு அட்டைக்கு வயது மதிப்பீடு கிடையாது. அதை வாங்கிய சிறுவன், பொய்யான பிறந்த ஆண்டைக் கொடுத்துத் திறந்த கணக்கின் வழியே ‘எம்’ விளையாட்டைப் பதிவிறக்கிக்கொள்ள முடியும்.

உரிமைகளும் தீர்வுகளும்

முதலாவதாக, வாங்குமுன் உறையின் பின்பக்கத்தைப் படிப்பதும், இ.எஸ்.ஆர்.பி. இணையதளத்தில் விளையாட்டின் பெயரைத் தேடி மதிப்பீட்டுச் சுருக்கத்தைப் பார்ப்பதும் பெற்றோரின் கடமை. பிரித்த பெட்டிக்குப் பணம் திருப்பித் தரும் வழக்கம் பெரும்பாலான கடைகளில் இல்லை. இரண்டாவதாக, ‘எம்’ விளையாட்டைக் கடை ஒன்று சிறுவருக்கு விற்றதாகத் தெரிந்தால், கடை மேலாளரிடமும் அந்நிறுவனத்தின் தலைமையகத்திலும் முறையிடலாம். நெறியை அறிவித்துக்கொண்ட நிறுவனத்துக்கு அதைக் காக்கும் பொறுப்பு உண்டு. மூன்றாவதாக, விளையாட்டுக் கருவிகளில் உள்ள பெற்றோர் கட்டுப்பாட்டு வசதியைக் கொண்டு, எந்த மதிப்பீடு வரை திறக்கலாம், எவ்வளவு செலவிடலாம், யாரோடு பேசலாம், எத்தனை நேரம் விளையாடலாம் என்பவற்றைக் கடவுச்சொல்லால் பூட்டி வைக்கலாம்.

நான்காவதாக, பதின்மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தையின் தகவலைப் பெற்றோர் இசைவின்றித் திரட்டுவதைத் தடுக்கும் ‘கோப்பா’ என்னும் சட்டம் 1998இல் இயற்றப்பட்டது. திரட்டிய தகவலைப் பார்க்கவும் நீக்கச் சொல்லவும் பெற்றோருக்கு அது உரிமை அளிக்கிறது. ‘டி’ மதிப்பீடு கொண்ட ‘ஃபோர்ட்நைட்’ விளையாட்டை வெளியிட்ட எபிக் கேம்ஸ் நிறுவனம், இச்சட்டத்தை மீறியதாகவும், பயனரை ஏமாற்றிப் பணம் செலவிட வைத்ததாகவும் எழுந்த குற்றச்சாட்டுகளுக்காக, 2022 டிசம்பரில் மொத்தம் 52 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது, அதில் 24.5 கோடி டாலர் பயனர்களுக்குத் திருப்பித் தருவதற்குரியது. தம் இசைவின்றிப் பணம் எடுக்கப்பட்டதாகக் காணும் பெற்றோர், விளையாட்டு நிறுவனத்திடமும் அட்டை வழங்கிய வங்கியிடமும் உடனே மறுப்புத் தெரிவித்து, வர்த்தக ஆணையத்திலும் புகார் பதிவு செய்யலாம்.

தமிழ்நாட்டில் கைபேசி வழியே விளையாடும் குழந்தைகளின் பெற்றோருக்கும் இம்முறை அந்நியமன்று. கூகுள் பிளேயில் 3+, 7+, 12+, 16+, 18+ என்று காணப்படுபவை, இ.எஸ்.ஆர்.பி. உள்ளிட்ட அமைப்புகள் சேர்ந்து 2013இல் உருவாக்கிய பன்னாட்டுக் கூட்டமைப்பின் வினாப்பட்டியல் முறையால் வழங்கப்படுபவை. கடையிலும் கைபேசியிலும் தகவல் தரப்பட்டிருக்கிறது. அதைப் படித்து, குழந்தையோடு பேசி, வேண்டாததை வேண்டாம் என்று மறுக்கும் உரிமையைப் பெற்றோர் பயன்படுத்த வேண்டும்.