சர்க்கரை இருக்கா? சிறுநீரகத்தையும் பாருங்க!



குழுக் கூட்டத்தில் சர்க்கரை நோய் பற்றிப் பேசினால், "எனக்கு ஒண்ணுக்கு நல்லாத்தானே போகுது, கிட்னிக்கு என்ன?" என்று பலரும் எங்களிடம் கேட்கிறீர்கள். நன்றாகப் போவதை வைத்து சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. கால் வீக்கம், மூச்சு வாங்குவது எல்லாம் பெரும்பாலும் பாதிப்பு முற்றிய பிறகுதான் வரும். ஆரம்பத்தில் வலிகூட இருக்காது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. நம்ம வீட்டு மாவுச் சல்லடை மாதிரிதான். கழிவை வெளியே விட்டு, உடம்புக்கு வேண்டிய புரதத்தை நிறுத்திக்கொள்ளும். வருஷக்கணக்கில் சர்க்கரை கூடியே இருந்தால் சல்லடைக் கண் பழுதாகி, ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசியும். பிரஷரும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் கெடும்.

இந்தக் கசிவு சாதாரண யூரின் டெஸ்டில் தப்பிவிடலாம். ரத்தத்தில் பார்க்கிற கிரியாட்டினினும் ஆரம்பத்தில் சரியாகவே காட்டும். அதனால் டாக்டரிடம் "மைக்ரோ ஆல்புமின் டெஸ்ட்" என்று பேர் சொல்லியே கேளுங்க. வருஷத்துக்கு ஒரு தடவை போதும். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நல்லது. 30 முதல் 300 வரை என்றால் ஆரம்பப் பாதிப்பு. மாதவிலக்கு நாட்களிலும், காய்ச்சல், நீர்க்கடுப்பு இருக்கும்போதும் எடுக்க வேண்டாம், தப்பாகக் கூட்டிக் காட்டும். ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். மறுபடி எடுத்துத்தான் உறுதி செய்வார்கள்.

இந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தால் நிறைய செய்யலாம். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் பலன் உண்டா என்று பிரிட்டனில் பல வருஷம் ஆராய்ந்து 1998-ல் முடிவு வெளியிட்டார்கள். மூன்று மாத சராசரி சர்க்கரை (ஹெச்.பி.ஏ.1.சி.) 7.9 இருந்தவர்களைவிட 7 இருந்தவர்களுக்கு கண், சிறுநீரகம் போன்ற இடங்களின் சிறு ரத்தக்குழாய் பாதிப்புகள் நான்கில் ஒரு பங்கு குறைந்திருந்தன. டெஸ்டுக்கு முந்தின ரெண்டு நாள் மட்டும் சோற்றைக் குறைக்கும் நம்ம சாமர்த்தியம் இந்த மூன்று மாத டெஸ்டிடம் பலிக்காது!

பிரஷரையும் கட்டுக்குள் வைக்கணும். சில பிரஷர் மாத்திரைகள் புரதக் கசிவையும் குறைக்கும். ஆனால் அவை கர்ப்ப காலத்தில் ஆகாது, பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். களை எடுத்த இடுப்பு வலிக்குக் கடையில் தினமும் வலி மாத்திரை வாங்கிப் போடுவதை நிறுத்துங்க. அது சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். சர்க்கரை குறைந்துவிட்டது என்று நீங்களாகவே மாத்திரையை விடுவதும் கூடாது.

டெஸ்ட் எடுத்தவர்கள் அடுத்த கூட்டத்துக்கு ரிப்போர்ட்டைக் கொண்டு வாங்க, சேர்ந்து படிப்போம்.