சுருங்கினும் குறையாத பின்னம்

சந்தையில் காய்கறி நிறுக்கும் தராசு 750 கிராம் என்று காட்டுகின்றது. வணிகரோ "முக்காற் கிலோ" என்கின்றார். இரண்டும் ஒன்றே என்பதில் வாங்குவோர்க்கு ஐயம் எழுவதில்லை. ஆயிரத்தில் எழுநூற்றைம்பது பங்கினை நான்கில் மூன்று பங்கென்று சொல்லும் இச்செயலையே பள்ளிக்கூடத்தில் பின்னத்தைச் சுருக்குதல் என்பர். சந்தையில் எளிதாக விளங்கும் இக்கருத்து, கரும்பலகைக்கு வந்ததும் பிள்ளைகள் பலருக்குப் புதிராகிவிடுகின்றது. அதற்குக் காரணம் என்ன?

பின்னத்தில் கீழே நிற்பது பகுதியெண். முழுப்பொருள் எத்தனை சம கூறுகளாக்கப்பட்டது என்பதை அது உணர்த்தும். மேலே நிற்பது தொகுதியெண். அக்கூறுகளுள் எத்தனை எடுக்கப்பட்டன என்பதை அது உணர்த்தும். 12/18 என்னும் பின்னத்தை எடுத்துக்கொள்வோம். இவ்விரண்டு எண்களையும் மீதியின்றி வகுக்கும் எண்களே அவற்றின் பொதுக் காரணிகள். அவற்றுட் பெரியது 6. பதினெட்டுக் கூறுகளையும் ஆறாறாகச் சேர்த்துக் கட்டினால் மூன்று கட்டுகள் ஆகும். எடுத்த பன்னிரண்டு கூறுகளும் இரண்டு கட்டுகள் ஆகும். ஆகவே 12/18 என்பது 2/3. கூறுகளின் எண்ணிக்கை குறைந்ததேயன்றிப் பொருளின் அளவு குறையவில்லை. பழந்தமிழ்க் கணக்கில் இருபதில் ஒன்றுக்கு "மா" என்று பெயர். ஐந்தில் ஒன்றினை நம் முன்னோர் "நாலுமா" என்றனர். இருபதில் நான்கும் ஐந்தில் ஒன்றும் சமம் என்னும் உண்மை அப்பெயரிலேயே அடங்கியுள்ளது.

இனி, இடறி விழும் இடத்தைக் காண்போம். 16/64 என்னும் பின்னத்தில் மேலும் கீழும் உள்ள 6 என்னும் இலக்கத்தை வெட்டிவிட்டு, விடை 1/4 என்று மாணவன் ஒருவன் எழுதுகின்றான். விடை சரி, வழியோ முற்றிலும் பிழை. அதே முறையில் 26/63 இல் 6 ஐ வெட்டினால் 2/3 என்று வரும். 26 க்கும் 63 க்கும் 1 ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லை; ஆதலின் அப்பின்னம் சுருங்கவே மாட்டாது. முன்னையது தற்செயலாகப் பொருந்தியது. வெட்டப்பட வேண்டியது இலக்கமன்று. இரண்டு எண்களிலும் பெருக்கமாக அமைந்துள்ள காரணியே. 16 என்பது பதினாறின் ஒரு மடங்கு, 64 அதன் நான்கு மடங்கு என்பதனாலேயே விடை 1/4 ஆயிற்று.

பொதுக் காரணி கண்ணுக்குப் புலப்படாதவிடத்துச் செய்வது யாது? "ஒன்பது அத்தியாயங்கள்" என்னும் பண்டைச் சீனக் கணித நூல், 49/91 என்னும் பின்னத்தைத் தந்து இதற்கு வழி கூறுகின்றது. பெரியதிலிருந்து சிறியதைத் தொடர்ந்து கழித்துக்கொண்டே செல்லவேண்டும். 91 இலிருந்து 49 போக 42. 49 இலிருந்து 42 போக 7. 42 இலிருந்து ஏழேழாகக் கழித்துவர இறுதியில் இரண்டும் 7 ஆகச் சமப்படும். அந்த 7 ஆல் இரண்டையும் வகுத்தால் 7/13 கிடைக்கும். ஏழு ஏழாகக் கட்டிய கட்டுகளிலிருந்து கட்டுகளையே எடுத்தால் எஞ்சுவதும் கட்டுகளே. இம்முறையின் நியாயம் அதுவே. கி.மு. 300 அளவில் யூக்கிளிட்டும் தமது நூலின் ஏழாம் பாகத்தில் இம்முறையையே நிறுவினார்.

பிள்ளையின் கொப்பியைப் பார்க்கும் பெற்றோரும் ஆசிரியரும் விடையை மட்டும் பார்த்துச் சரியென்று குறியிட்டால், 16/64 ஐப் பிழையாகச் சுருக்கிய பிள்ளை அப்பிழையையே விதியாகக் கொண்டுவிடும். பின்னர் அட்சரகணிதத்தில் கூட்டலால் இணைந்த உறுப்புகளையும் அது கூசாது வெட்டும். இதனைத் தடுப்பதற்குக் கேள்வி ஒன்றே போதும்: "இரண்டையும் எந்த எண்ணால் வகுத்தாய்?" இதற்கு விடை கூறக்கூடிய பிள்ளை பின்னத்தை விளங்கிக்கொண்ட பிள்ளை.