காயம் ஆறும் காலம்



ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு உஹதுப் போர்க்களத்தில் நபி (ஸல்) அவர்களின் திருமுகம் காயமடைந்து இரத்தம் வழிந்தது. அலீ (ரலி) அவர்கள் கேடயத்தில் நீர் கொண்டுவந்து ஊற்ற, அருமை மகளார் ஃபாத்திமா (ரலி) அவர்கள் காயத்தைக் கழுவினார்கள். நீர் ஊற்ற ஊற்ற இரத்தம் அதிகமாவதைக் கண்டதும் பாய்த் துண்டு ஒன்றை எரித்து, அதன் சாம்பலைக் காயத்தின் மீது வைத்து அழுத்தினார்கள், இரத்தம் நின்றது. புகாரியில் பதிவாகியுள்ள இந்நிகழ்ச்சியை நாம் பலமுறை செவிமடுத்திருக்கிறோம்.

இதைக் கேட்டுவிட்டு அடுப்புச் சாம்பலை அள்ளிக் காயத்தில் பூசுவோர் இன்றும் உள்ளனர். அது தவறான புரிதலாகும். முதலில் கழுவினார்கள், அடுத்து இரத்தத்தை நிறுத்தினார்கள், கையில் கிடைத்ததைக் கொண்டு தாமதமின்றிச் செய்தார்கள். நாம் பற்றிக்கொள்ள வேண்டியது இந்த ஒழுங்கைத்தான். இன்று நம் கைக்கெட்டும் தூரத்தில் குழாய் நீரும், தூய துணியும், டெட்டனஸ் ஊசியும் இருக்கின்றன. வள்ளூர் அனல் மின்நிலையம் தொடங்கிக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு ஆலைகள் வரை வேலைக்குச் செல்லும் பிள்ளைகள் உள்ள வீடுகளில், வெட்டுக் காயமும் சூடுபட்ட கையும் புதிய செய்தியல்ல. தீப்புண்ணில் பற்பசை, பேனா மை, காப்பித்தூள் என எதையாவது அப்பிக்கொண்டுதான் பலரும் மருத்துவரிடம் போகிறார்கள். ஓடும் குழாய் நீரில் 20 நிமிடம் பிடித்திருப்பதே போதுமானது, பனிக்கட்டியும் வேண்டாம்.

தோல் கிழிந்த மறுகணமே உடல் தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. அறுபட்ட இரத்தக் குழாய் தானாகவே சுருங்குகிறது. இரத்தத்தில் மிதந்து செல்லும் தட்டணுக்கள் அவ்விடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு அடைப்பாகின்றன. பிறகு ஃபைப்ரின் என்னும் நூலிழைகள் வலைபோல் பின்னி அவ்வடைப்பை இறுக்குகின்றன. சிறு காயமாயின் சில நிமிடங்களில் இது முடிந்துவிடும். துணியை வைத்து அழுத்திப் பிடித்திருக்கும்போது நாம் செய்வது இவ்வேலைக்குத் துணை நிற்பதே. நின்றுவிட்டதா என்று நிமிடத்திற்கொருமுறை துணியைத் தூக்கிப் பார்ப்பவர், பின்னிய வலையைத் தாமே பிய்த்துவிடுகிறார்.

அடுத்த சில மணி நேரத்தில் காயத்தைச் சுற்றிச் சிவக்கிறது, வீங்குகிறது, சுடுகிறது, வலிக்கிறது. உடல் தன் படையை அவ்விடத்திற்கு அனுப்பியிருப்பதன் அடையாளம் இது. குழாய்கள் விரிந்து, வெள்ளை அணுக்கள் வெளியேறிக் கிருமிகளை விழுங்குகின்றன. அம்முயற்சியில் மடிந்த அணுக்களே சீழில் பெரும்பகுதி. இரண்டு மூன்று நாளில் வேறுவகைப் பெரிய அணுக்கள் வந்து, செத்த திசுக்களைத் துப்புரவு செய்கின்றன. ஓர் உறுப்பு துன்புற்றால் உடல் முழுவதும் காய்ச்சலாலும் விழிப்பாலும் அதற்குத் துணை நிற்கும் என்று நபி (ஸல்) அவர்கள் காட்டிய உவமை இங்கு நினைவுக்கு வராமல் இராது. ஆயினும் வீக்கமும் சிவப்பும் நாளுக்கு நாள் குறையாமல் பரவினால், போர் கைமீறுகிறது என்று பொருள். உடனே மருத்துவரை நாட வேண்டும்.

வலியையும் குறை சொல்ல வேண்டாம். 1914இல் கொல்லிமலையில் பிறந்து, பின்னர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் ஏன் அழிகின்றன என்று ஆராய்ந்தார். நோய் தானாக விரலை அரித்துத் தின்பதில்லை. உணர்ச்சி மரத்துப் போனதால் சூட்டையும் வெட்டையும் அறியாமல் மீண்டும் மீண்டும் காயப்படுத்திக்கொள்வதே காரணம் என்று கண்டார். இன்று அதே கதை சர்க்கரை நோயாளிகளின் பாதத்தில் நடக்கிறது. நரம்பு மரத்திருப்பதால் ஆணி குத்தியதும் தெரிவதில்லை. குழாய்கள் குறுகியிருப்பதால் படை அவ்விடம் போய்ச் சேர்வதில்லை. சேர்ந்த அணுக்களும் வலுவிழந்தே போரிடுகின்றன. சர்க்கரை உள்ள பெற்றோரின் பாதங்களை நாள்தோறும் ஒருமுறை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பது பிள்ளைகளுக்குப் பெரிய சிரமமன்று.

மூன்றாம் நான்காம் நாளிலிருந்து கட்டும் வேலை தொடங்குகிறது. புதிய நுண்குழாய்கள் முளைக்கின்றன. ஓரத்துத் தோல் அணுக்கள் நடுநோக்கி நகர்கின்றன. கொலாஜன் என்னும் புரதம் நார்நாராகப் படிகிறது. தழும்பு என நாம் காண்பது பெரும்பாலும் இதுவே. இதன் அமைப்பு உலகுக்குத் தெரியவந்தது நம் சென்னையிலிருந்து என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்? 1954ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து பெற்ற கங்காரு வால் தசைநாரை எக்ஸ் கதிரால் ஆராய்ந்து, கொலாஜன் மூன்று இழைகள் ஒன்றாக முறுக்கப்பட்ட கயிறு என்று நிறுவினர்.

அக்கயிற்றை உறுதியாகத் திரிக்க வைட்டமின் சி இன்றியமையாதது. 1740களில் ஆன்சன் என்பவரின் தலைமையில் உலகைச் சுற்றிய ஆங்கிலேயக் கப்பலில், பழமும் காயும் இன்றி ஸ்கர்வி நோய் பரவியபோது, ஒரு மாலுமிக்கு 50 ஆண்டுகளுக்கு முன் ஆறிய போர்க்காயம் மீண்டும் திறந்துகொண்டது. ஆறிய தழும்பையும் உடல் ஓயாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. காயம்பட்டவருக்கு எலுமிச்சையும் புளிப்பும் ஆகாது, முட்டையும் மீனும் சீழ் வைக்கும் என்று விலக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. நெல்லிக்காயும் கொய்யாவும் எலுமிச்சையும் கொடுங்கள். முட்டையும் பருப்பும் மீனும் கொடுங்கள். பீடி, சிகரெட்டை மட்டும் விலக்குங்கள்; புகை குழாய்களைச் சுருக்கிக் காயத்திற்குச் செல்லும் உயிர்க்காற்றைக் குறைத்துவிடும்.

இனி நம்மவர்கள் பெரிதும் ஏமாறும் இடம். தையல் பிரித்ததும் காயம் ஆறிவிட்டது என்று எண்ணுகிறோம். மேல்தோல் மூடியிருக்கும், உள்ளே கயிறு இன்னும் முறுக்கேறியிருக்காது. மூன்று வார முடிவில் அவ்விடத்தின் வலிமை பழைய தோலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். மூன்று மாதம் சென்றபின் ஏறத்தாழ 80 விழுக்காட்டை எட்டும்; முழு வலிமை ஒருபோதும் திரும்புவதில்லை. பத்தாம் நாளே கம்பி தூக்கப் போய்த் தையலிட்ட இடம் பிளந்து திரும்பும் இளைஞரை அறியாமை மட்டும் அனுப்பவில்லை. கூலி போய்விடுமே என்ற கவலையும் சேர்ந்தே அனுப்புகிறது.

இ.எஸ்.ஐ. காப்பீட்டில் உள்ள தொழிலாளிக்கு வேலையிடத்துக் காயத்தால் மூன்று நாளுக்குக் குறையாமல் வேலை செய்ய இயலாது போனால், இ.எஸ்.ஐ. மருத்துவர் சான்றளிக்கும் காலம் முழுவதும் சராசரி நாள் ஊதியத்தில் 90 விழுக்காடு கிடைக்கும். வேலையில் சேர்ந்த முதல் நாளே விபத்து நேர்ந்தாலும் இவ்வுரிமை உண்டு; ஒப்பந்தக்காரர் மூலம் சேர்ந்தவருக்கும், வடமாநிலங்களிலிருந்து வந்து நம்மோடு தொழும் சகோதரருக்கும் உண்டு. அடிபட்ட அன்றே ஆலையின் விபத்துப் பதிவேட்டில் எழுதச் செய்ய வேண்டும். தம் பெயர் இ.எஸ்.ஐ.யில் பதிவாகியிருக்கிறதா என்பதை, காயம் படுவதற்கு முன்பே, இந்த மாதச் சம்பளச் சீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.