வலி போனாலும் ஏன் காத்திருக்க வேண்டும்?

ஜூடோவில் எதிராளி காலை மடக்கிச் சாய்க்கும்போது, பாதம் மெத்தையில் ஊன்றியிருக்க முழங்கால் மட்டும் திருகிக்கொள்வதுண்டு. அப்போது மூட்டின் நடுவிலுள்ள ஏசிஎல் என்ற தசைநார் கிழியக்கூடும். ‘ஜவ்வு கிழிந்துவிட்டது’ என்போமே, அதுதான்.

மறுபடி களமிறங்க நினைப்பவர்களுக்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான். தொடையின் பின்புறத் தசைநாணை எடுத்து, எலும்பில் துளையிட்டுப் பொருத்துவது ஒரு முறை. மூன்றாம் மாதவாக்கில் வீக்கம் வடிந்து நடை சீராகிவிடும். ஆபத்தே அங்குதான்.

பொருத்திய நாணுக்கு முதலில் ரத்த ஓட்டம் கிடையாது. அதன் செல்கள் மடிகின்றன. பிறகு சுற்றுத் திசுவிலிருந்து ரத்தக் குழாய்களும் புதுச் செல்களும் நுழைந்து, பழைய கொலாஜன் இழைகளைக் கலைத்துப் புதிதாக அடுக்குகின்றன. குடியிருந்துகொண்டே வீட்டைப் பிரித்துக் கட்டுவது போல. இந்த இடைக்காலத்தில், அதாவது முதல் சில மாதங்களில், நாண் பொருத்திய அன்றைவிடப் பலவீனமாக இருக்கிறது. வலி இதைக் காட்டிக்கொடுக்காது. வீக்கம் வடிந்தாலே வலி அடங்கிவிடும், அதற்கு நாண் முதிர வேண்டியதில்லை.

2016இல் வெளியான நார்வே ஆய்வொன்றில், களத்துக்குத் திரும்புவதை ஒன்பதாம் மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதமும் மறுகாய வாய்ப்பைச் சுமார் பாதியாகக் குறைத்தது. ‘தம் கட்டிப் பழகு, சரியாகிவிடும்’ என்கிற வீரம் இங்கே செல்லாது.

நாள் கணக்கு மட்டும் போதாது. முன்தொடை வலிமை மற்ற காலுடன் ஒப்பிட 90 சதவீதமாவது இருக்கிறதா, ஒற்றைக் காலில் தாவ முடிகிறதா என்று பிசியோதெரபிஸ்ட் பார்ப்பார். பிறகு விழும் பயிற்சி, எறியாமல் வீச்சுக்கு நுழைந்து பழகுவது. முன்கூட்டித் தெரியாத திருகல்கள் வரும் ரண்டோரி, அதாவது கட்டற்ற சண்டைப் பயிற்சி, கடைசியில்தான்.