வீடு வாங்கும் முன் பரிசோதனை: அறிக்கை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

தோட்டத்தில் வேலை இருக்கும்வரைதான் தோட்டத்து வீடு. அப்பாவோ அம்மாவோ ஓய்வு பெற்றதும் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பிறந்து, இன்று சிரம்பானிலோ நீலாயிலோ கோலாலம்பூரிலோ வேலை பார்க்கும் பலருக்கு முதல் வீடு என்பது தனக்கு மட்டும் வாங்கும் வீடல்ல. குடும்பத்தின் பெயரில் வரும் முதல் கூரை அது. ஊழியர் சேமநிதியின் செஜாத்தெரா கணக்கில் இருக்கும் பணம், அம்மா சேர்த்து வைத்தது, 35 ஆண்டு வங்கிக் கடன் எல்லாம் அதற்குள் போகும்.

அதனால்தான் இப்போது பலர் வீடு வாங்கும் முன் ஒரு பரிசோதகரை அழைத்துக் காட்டுகிறார்கள். கட்டணம் வீட்டின் அளவைப் பொறுத்து சில நூறு ரிங்கிட்டில் தொடங்கும். நல்ல பழக்கம்தான். ஆனால் கையில் வரும் 40 பக்க ரிப்போர்ட்டை "வீடு ஓகே" என்ற சான்றிதழாக எடுத்துக்கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

அப்போ பரிசோதகர் என்னதான் பார்க்கிறார்?

கண்ணுக்குத் தெரிவதை, அன்றைய தேதியில் இருக்கும் நிலையில் பார்க்கிறார். இந்த ஒரு வரியை மட்டும் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுவர் விரிசல், கசிவுக் கறை, தரை ஓடு உள்ளே வெற்றாக இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது, கதவு ஜன்னல் சரியாக மூடுகிறதா, குளியலறையில் ஊற்றிய தண்ணீர் வடிகால் பக்கம் ஓடுகிறதா, சிலிங்கில் திறப்பு இருந்தால் ஏறி கூரைச் சட்டம் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் இதில் அடங்கும். சிலர் ஈரப்பத மீட்டரும் வெப்பத்தைக் காட்டும் கேமராவும் கொண்டு வருவார்கள். அவை சுவருக்குள் ஈரம் இருக்கலாம் என்று சந்தேகத்தைக் காட்டும். எந்தக் குழாய், எங்கே உடைந்தது என்று சொல்லாது.

சுவரை உடைக்க மாட்டார். ஓட்டைப் பெயர்க்க மாட்டார். வீட்டுக்காரர் சுவரோடு ஒட்டி வைத்திருக்கும் அலமாரியை நகர்த்தவும் மாட்டார். (அலமாரி அந்த இடத்தில்தான் இருக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள்.) இது பரிசோதகரின் சோம்பேறித்தனம் இல்லை. அவர் பார்க்கும்போது அது இன்னும் வேறொருவரின் வீடு.

ஆஸ்திரேலியாவில் இந்த வேலைக்கென்றே ஏஎஸ் 4349.1 என்ற தரநிலை இருக்கிறது. அதுவும் இதைக் கண்ணால் பார்க்கும் சோதனை என்றுதான் சொல்கிறது. கரையானுக்கு அங்கே தனியாக 4349.3 இருக்கிறது. மலேசியாவில் வீடு வாங்கும் முன் பரிசோதனை கட்டாயமில்லை. அதனால் எதெல்லாம் பார்க்கப்படும் என்பதை நீங்கள் கையெழுத்துப் போடும் ஒப்பந்தம்தான் தீர்மானிக்கிறது. விலக்குகள் பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். முதலில் அந்தப் பக்கத்தைப் படியுங்கள்.

வரும் ஆள் யார் என்பதையும் கேளுங்கள். பொறியாளர் என்றால் மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பதிவு இருக்க வேண்டும். மின் இணைப்பாளருக்கு எரிசக்தி ஆணையத்தின் சான்று வேண்டும். 'ஹோம் இன்ஸ்பெக்டர்' என்று அட்டை அடித்துக்கொள்வது மட்டும் ஒரு தகுதி ஆகாது.

மண்ணுக்குள் இருப்பது

சிரம்பானைச் சுற்றியும் போர்ட்டிக்சன் போகும் வழியிலும் எழுந்திருக்கும் தாமான்களில் பல, ஒரு காலத்தில் ரப்பரும் செம்பனையும் நின்ற நிலம். இது வீட்டுக்கு இரண்டு விதத்தில் முக்கியம்.

முதலாவது கரையான். மரத்தை வெட்டினாலும் அடிக்கட்டையும் வேரும் மண்ணில் மிஞ்சலாம். ரப்பர் மரத்தை உயிரோடு இருக்கும்போதே தாக்கும் காப்டோடெர்மெஸ் கர்விக்னாத்தஸ் என்ற கரையான் இனம் நம் தோட்டங்களுக்குப் பழைய எதிரி. அதே குடும்பத்தைச் சேர்ந்த காப்டோடெர்மெஸ் கெஸ்ட்ரோய் நகரத்து வீடுகளில் அதிகம் சேதம் செய்வது. இவை மண்ணுக்கடியில் கூடு வைத்து, தரையில் இருக்கும் மெல்லிய விரிசல் வழியாக மேலே வரும். கதவு நிலையின் உட்பக்கத்தைத் தின்னும், மேலே அடித்த பெயிண்ட் அப்படியே இருக்கும். சுவரோரம் மண் குழாய் தெரிந்தால் பரிசோதகர் குறிப்பார். வீட்டை விற்க நினைப்பவர் அதைத் துடைத்துவிட்டு ஒரு கோட் பெயிண்ட் அடித்திருந்தால்?

ஆகவே கரையானுக்கு மட்டும் பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் தனிச் சோதனை தேவை. நீங்களே செய்யக்கூடியதும் உண்டு. கதவு நிலையின் அடிப்பகுதி, சமையலறை அலமாரியின் பின்பலகை, மாடிப்படிக்கு அடியில் உள்ள மூலை, இந்த இடங்களை ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். உள்ளே காலியாக இருந்தால் சத்தமே வேறு மாதிரி வரும்.

இரண்டாவது, மண்ணே. தோட்ட நிலம் மேடும் பள்ளமுமாக இருக்கும். மேட்டை வெட்டிப் பள்ளத்தில் நிரப்பித்தான் மனை போடுவார்கள். உங்கள் வீடு வெட்டிய பக்கத்தில் நிற்கிறதா, நிரப்பிய பக்கத்தில் நிற்கிறதா என்பதை எந்தக் கேமராவும் காட்டாது. நிரப்பிய மண் காலப்போக்கில் அமுங்கும். வீட்டின் முக்கியப் பகுதி பைல் மீது நின்றாலும், கார் நிறுத்தும் இடமும் வீட்டைச் சுற்றியுள்ள சிமெண்டுத் தரையும் பல சமயம் நேராக மண் மீதே இருக்கும். அங்கே வரும் விரிசல் பார்க்க அசிங்கமாக இருக்கும், பெரும்பாலும் ஆபத்து இல்லை. சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசல் வேற கதை. பிரிட்டனின் கட்டட ஆய்வு நிலையம் வகுத்த, இன்றும் பொறியாளர்கள் பயன்படுத்தும் அளவுகோலில் 1 மில்லிமீட்டர் வரை மிகச் சிறியது, 5 வரை சிறியது, 5 முதல் 15 வரை மிதமானது, 15-ஐத் தாண்டினால் கடுமையானது. ஆனால் அகலம் மட்டும் போதாது, அது இன்னும் வளர்கிறதா என்று தெரிய வேண்டும். ஒரு மதியம் வந்து போகும் பரிசோதகரால் அதைச் சொல்ல முடியாது. ரிப்போர்ட்டில் 'மேல் ஆய்வு தேவை' என்று இருந்தால் அதைச் சடங்கு வாக்கியமாக நினைத்துத் தாண்டிப் போகாதீர்கள். கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள் என்று அர்த்தம்.

வீட்டுக்குப் பின்னால் உள்ள சரிவும் ரிப்போர்ட்டில் வராது. வேலிக்கு வெளியே இருப்பதால் அது பரிசோதகரின் எல்லைக்குள் இல்லை. 11 டிசம்பர் 1993 அன்று உலு கிளாங்கில் ஹைலேண்ட் டவர்ஸ் முதல் கட்டடம் சரிந்து 48 பேர் இறந்தார்கள். பல நாள் மழைக்குப் பிறகு பின்புறச் சரிவு இறங்கியது. வீடுகளின் உள்ளே தரை ஓடு நேராக இருந்ததா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. அந்த வழக்கில் 2006-ல் கூட்டரசு நீதிமன்றம், சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு நகராண்மைக் கழகத்துக்குப் பாதுகாப்புத் தருகிறது என்று தீர்ப்பளித்தது. கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

மழை பெய்யும் நாளில் ஒருமுறை போய்ப் பாருங்கள். மேற்குக் கரையில் அக்டோபர், நவம்பர் மாதங்கள் அதற்குத் தோதானவை. பின்பக்கச் சரிவில் தண்ணீர் எங்கே ஓடுகிறது, தடுப்புச் சுவரின் துளைகளில் நீர் வருகிறதா, கால்வாய் நிரம்புகிறதா என்று பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் 2021 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். பரிசோதகர் கேட்க மாட்டார், ஆனால் அந்த அக்கா சொல்வார்.

வயரிங், குழாய், அஸ்பெஸ்டாஸ்

சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிகிறதா, ஆர்சிசிபி சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா, இவ்வளவுதான் பார்ப்பார்கள். சுவருக்குள் ஓடும் பழைய வயரின் நிலை தெரியாது. செப்டிக் டேங்கைத் திறக்க மாட்டார்கள். பழைய மலிவு விலை வீடுகளின் கூரையிலும் சிலிங்கிலும் அஸ்பெஸ்டாஸ் சிமெண்டுத் தகடு இருக்கலாம், ஆனால் ஆய்வகச் சோதனை இல்லாமல் அதை உறுதி செய்ய முடியாது. புதுப்பிக்கும் எண்ணம் இருந்தால் அந்தத் தகட்டை உடைக்கும் முன் விசாரியுங்கள்.

காகிதத்தில் இருப்பது

வீடு பலமாக இருக்கலாம், காகிதம் பலமாக இருக்க வேண்டுமே. நீட்டிக் கட்டிய சமையலறையைப் பரிசோதகர் பார்ப்பார், பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் இடத்தில் விரிசல் இருந்தால் எழுதுவார். அதற்கு அனுமதி வாங்கினார்களா என்று எழுத மாட்டார். சிரம்பான், நீலாய் பக்கம் என்றால் அந்தத் தகவல் சிரம்பான் மாநகர் மன்றத்தில் இருக்கும் (இரண்டு பழைய மன்றங்களும் 1 ஜனவரி 2020-ல் ஒன்றாகின). வீட்டுக்காரரிடம் அங்கீகரிக்கப்பட்ட பிளானைக் கேளுங்கள். அனுமதி இல்லாத பகுதியை இடிக்க உத்தரவு வந்தால் அது புது உரிமையாளருக்குத்தான் வரும்.

நிலம் இன்னும் பெரிய விஷயம். தோட்ட நிலத்தைத் துண்டு போட்டு 'லோட் லிடி' என்று மலிவாக விற்கும் விளம்பரங்களை ஃபேஸ்புக்கில் பார்த்திருப்பீர்கள். பல சமயம் தனி கிராண்ட்டு கிடைக்காது, ஒரே கிராண்ட்டில் பலரோடு பங்குதான். நிலத்தின் பயன்பாடு இன்னும் விவசாயம் என்றே இருக்கும். 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைப் பலருக்கு விற்க, தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவின்படி தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். ரெம்பாவ், கோலப்பிலா, ஜெலெபு, தம்பின் மாவட்டங்களில் அடாட் பெர்ப்பாத்தே வழக்கப்படி பெண் வழியில் போகும் நிலங்களும் உண்டு, அவற்றை வெளியார் வாங்க முடியாது. இதையெல்லாம் நில அலுவலகத்தில் எடுக்கும் தேடல் அறிக்கை காட்டும். வழக்கறிஞர் அதை எடுக்கும் வரை பணம் கொடுக்காதீர்கள்.

வங்கிதான் மதிப்பீட்டாளரை அனுப்புகிறதே?

அது வங்கிக்காக. கடன் கொடுக்கும் தொகைக்கு வீட்டின் சந்தை விலை ஈடாகுமா என்பதே அவருடைய கேள்வி. கரையான் அவருடைய வேலை இல்லை.

புது வீடு வேற, பழைய வீடு வேற

மேம்பாட்டாளரிடம் நேராக வாங்கும் புது வீட்டுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. சாவி பெற்ற நாளிலிருந்து 24 மாதம் குறை சரிசெய்யும் காலம். எழுத்தில் புகார் கொடுத்தால் 30 நாளில் சரி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் வீடு வாங்குவோர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. அதனால் புது வீட்டில் பரிசோதனையை இரண்டு முறை செய்வது புத்திசாலித்தனம் என்பேன். சாவி வாங்கியதும் ஒன்று, 24 மாதம் முடிய இரண்டு மூன்று மாதம் இருக்கும்போது இன்னொன்று. மண் அமுங்குவதும் கசிவும் முதல் மழைக்காலத்துக்குப் பிறகுதான் முகம் காட்டும்.

சப்சேல் வீட்டில் விற்பவர் மீது அந்த நடுவர் மன்றத்தில் கோர முடியாது. ஒப்பந்தத்தில் 'இருக்கும் நிலையில் வாங்குகிறேன்' என்ற வரி இருக்கும், அதோடு கதை முடிந்தது. விற்பவர் சும்மா மௌனமாக இருந்ததை ஏமாற்று என்று சட்டம் எளிதில் ஏற்காது. ஆனால் கேட்ட கேள்விக்குப் பொய்யான பதில் சொன்னால் நிலைமை மாறும். ஆகவே வாய்ப் பேச்சோடு விடாமல் வாட்ஸ்அப்பில் கேளுங்கள்: கூரை ஒழுகியதா? கரையான் மருந்து அடித்தீர்களா, எப்போது? வீட்டுக்குள் தண்ணீர் ஏறியதா? பதிலை அழிக்காமல் வைத்திருங்கள்.

பரிசோதனையை எப்போது செய்வது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். 300,000 ரிங்கிட் வீட்டுக்கு முதலில் 3 விழுக்காடு, அதாவது 9,000 ரிங்கிட் புக்கிங் கேட்பார்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது மொத்தம் 10 விழுக்காடு ஆகும். புக்கிங் கட்டிய பிறகு ரிப்போர்ட் மோசமாக வந்து நீங்கள் பின்வாங்கினால் அந்த 9,000 போகலாம். ஒன்று, கட்டும் முன் பரிசோதனை. இல்லையென்றால், 'பரிசோதனை திருப்தியாக இல்லாவிட்டால் பணம் முழுதும் திருப்பித் தரப்படும்' என்று ஆஃபர் கடிதத்திலேயே எழுதச் சொல்லுங்கள். "இன்னொரு ஆளும் கேட்கிறார், இன்றைக்கே கட்டிவிடுங்கள்" என்று ஏஜெண்டு அவசரப்படுத்துவார். அந்த இன்னொரு ஆள் எல்லா வீட்டுக்கும் இருக்கிறார்.

லேலோங் வீட்டுக்கு இந்த வழி எதுவும் கிடையாது. பெரும்பாலும் உள்ளேயே விட மாட்டார்கள், வேலிக்கு வெளியே நின்று பார்ப்பதுதான். சில வீடுகளில் பழைய உரிமையாளர் இன்னும் குடியிருப்பார், அவரைக் காலி செய்ய வைப்பதும் உங்கள் செலவு. கூரை, வயரிங், கரையான் மூன்றும் மோசமாக இருக்கும் என்று வைத்துக்கொண்டு அந்தச் செலவை முதலில் கழியுங்கள். மிச்சத்தைப் பார்த்துத்தான் ஏலத்தில் கையைத் தூக்க வேண்டும்.